பிளஸ் 1 வகுப்பை மறுபடியும் பறிகொடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி, 2025–26 கல்வியாண்டு முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துப் பொதுத்தேர்வு எழுதிச் சோர்ந்துபோன பிள்ளைகளை வட சென்னைப் பள்ளிகளில் நெடுங்காலம் பார்த்தவன் என்ற முறையில், இந்த முடிவை மனமார வரவேற்கிறேன். அதேநேரம், மீட்டுக் கிடைத்த அந்த ஓராண்டு எதற்குச் செலவாகிறது என்பதைப் பள்ளிகளும் பெற்றோரும் இப்போதே கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2017–18இல் இந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டதற்குக் காரணமே, பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, அந்த ஆண்டிலேயே பிளஸ் 2 பாடத்தைத் தொடங்கிவிட்டதுதான். தேர்வு போன பிறகு அந்தப் பழக்கம் திரும்பிவிடும், அடிப்படைப் பாடம் தெரியாமல் பிள்ளைகள் நுழைவுத் தேர்வுகளில் திணறுவார்கள் என்று பலரும் கவலைப்படுகிறார்கள். அது நியாயமான கவலை. ஆனால் பறிபோவது பாடம் மட்டுமல்ல. உடற்கல்விப் பாடவேளை, நூலகப் பாடவேளை, காலை வணக்கக் கூட்டத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும் பொறுப்புகள், விளையாட்டு விழா, கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு அவர்களுக்கு இருக்கும் பழக்கம் ஆகிய அனைத்தும் ‘போர்ஷன் முடியவில்லை’ என்ற ஒரே காரணத்தால் முதலில் கைவைக்கப்படுபவை. பள்ளியிலேயே மூத்த பிள்ளைகள் பள்ளியின் பொதுவாழ்க்கையிலிருந்து முழுவதுமாக விலக்கி வைக்கப்படுகிறார்கள்.

அதைவிடத் தீங்கானது, மதிப்பெண்ணைப் பார்த்து அவர்களைப் பிரித்து உட்கார வைப்பது. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017லேயே விட்டுவிட்டது. பள்ளிக்குள்ளோ இன்றும் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பட்டியல் போடப்படுகிறது. நன்றாகப் படிப்பவர்கள் ஒரு செக்‌ஷன், ‘மெல்லக் கற்போர்’ என்று பெயரிடப்பட்டவர்கள் இன்னொரு செக்‌ஷன். அந்த இரண்டாவது பட்டியலில் இருந்த ஒரு மாணவனை எனக்கு நன்றாகத் தெரியும். விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றிவிட்டு, கைவிரல்கள் விறைத்த நிலையிலேயே முதல் பாடவேளைக்கு வந்து, பேனாவைப் பிடிப்பதற்கு முன்பு இரண்டு உள்ளங்கைகளையும் கால்சட்டையில் தேய்த்துச் சூடுபடுத்திக்கொள்வான். கணக்குப்பதிவியலில் பேரேட்டுக் கணக்கை அவன் போடும் முறையில் ஒரு பிழையும் இருக்காது, வேகம்தான் குறைவு. அவனுக்குப் பக்கத்தில் முதல் செக்‌ஷன் பிள்ளை ஒருவன் உட்கார்ந்திருந்தால் இருவருமே கற்றிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்குச் சோற்றுக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது, ‘இவன் எங்களவன்’ என்று சொல்ல ஒரு கூட்டம். பள்ளி அந்தக் கூட்டமாக இல்லாதபோது அவன் வேறொன்றைத் தேடிக்கொள்கிறான். பேருந்துப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வரும் கல்லூரி மாணவர்களின் ‘ரூட்டு தல’ (பேருந்துத் தடத்து மாணவர் கூட்டத்தின் தலைவன்) பெருமை பள்ளிப் பையன்களைக் கவர்வதும், ஏரியாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு பள்ளி வாசலில் சண்டை மூள்வதும் இதனால்தான். தென்மாவட்டங்களில் அந்த இடத்தைச் சாதி பிடித்துக்கொள்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் 2 மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்களே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், கையில் கட்டும் சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை உட்படப் பல பரிந்துரைகள் உள்ளன. கயிற்றை அவிழ்ப்பது அவசியம்தான். அவிழ்த்த பிறகு அந்தப் பிள்ளைக்குப் பள்ளி என்ன உறவைத் தரப்போகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

வட சென்னைப் பள்ளிகளுக்கு இதில் ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. மீனவக் குடும்பத்துப் பெண், பின்னி ஆலைத் தொழிலாளியின் பேரன், பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறியவர்களின் வழிவந்தவர், வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுபவர், வேலை தேடி வந்த வடமாநிலத் தொழிலாளியின் மகள் என எல்லோரும் ஒரே பெஞ்சில் அமர்வது இங்கு சாதாரணம். இவர்களுக்குப் பொதுவான விழுமியங்களைச் சுவரில் எழுதி வைத்துக் கற்பிக்க முடியாது. சேர்ந்து செய்வதற்கு ஒரு வேலை வேண்டும், அதற்கு நேரமும் வேண்டும்.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையில் பழைய இரும்பு பீரோ ஒன்று இருந்தது. பிளஸ் 2 முடித்துப் போகும் பிள்ளைகள் தங்கள் கைடு, கால்குலேட்டர், வினாவங்கி ஆகியவற்றை அதில் வைத்துவிட்டுப் போவார்கள். காசு கொடுத்து வாங்க முடியாத பிள்ளைகள் ஜூன் மாதம் அவற்றை எடுத்துக்கொள்வார்கள். யாரும் உத்தரவிட்டு நடந்ததல்ல, மாணவிகளே தொடங்கியது. ஒரு கணக்குப்பதிவியல் கைடின் முதல் பக்கத்தில் நான்கு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கடைசிப் பெயருக்குரியவள், தனக்கு முன் அதைப் படித்த அக்கா பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகள்தான் தன்னைத் தேர்ச்சி பெற வைத்தன என்று என்னிடம் சொன்னாள். அந்த அக்காவை அவள் பார்த்ததே இல்லை.

அரசுப் பள்ளிகளில் 2024இல் தொடங்கப்பட்ட ‘மகிழ் முற்றம்’ திட்டமும் இந்த நோக்கத்துக்கு ஏற்றது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து குழுக்களில் வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்கிறார்கள். ஆறாம் வகுப்புச் சிறுவனுக்கும் பிளஸ் 1 மாணவிக்கும் ஒரே குழுப்பெயர் கிடைப்பது சிறிய செய்தியல்ல. ஆனால் மேல்நிலைப் பிள்ளைகளைச் சிறப்பு வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டால் குழுவை நடத்துவதற்கு யார் மிஞ்சுவார்கள்?

ஆகவே பிளஸ் 1 வகுப்பின் உடற்கல்வி, நூலகப் பாடவேளைகளை வேறு பாடத்துக்குக் கடன் வாங்கக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை தெளிவாக அறிவிக்க வேண்டும். தனியார் பள்ளிகளுக்கும் அது பொருந்த வேண்டும். மதிப்பெண்படி செக்‌ஷன் பிரிப்பதை நிறுத்த வேண்டும். உதவி தேவைப்படும் பிள்ளைக்கு மாலையில் தனியாகக் கற்பிப்பதை யாரும் எதிர்க்கவில்லை, பகல் முழுவதும் அவனை ஒதுக்கி வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். மழைவெள்ளக் காலத்திலும் தொழில் நெருக்கடியிலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. அவர்கள் கூட்டத்துக்கு வரும்போது ‘பிளஸ் 2 பாடத்தை எப்போது ஆரம்பிப்பீர்கள்’ என்று மட்டும் கேட்காமல், தங்கள் பிள்ளை பள்ளியில் என்ன பொறுப்பு வகிக்கிறான் என்றும் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. அடுத்த கூட்டத்திலேயே பிளஸ் 1 கால அட்டவணையை வாங்கிப் பார்ப்பதை அவர்கள் தங்கள் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் முதுகலை ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.