தைலம் தேய்க்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒற்றைத் தலைவலி என்றாலே வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தி வரும் என்று மூன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். தோல் வலிப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அனுபவிக்கிறவர்களும் வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே இந்தத் தலைவலி உண்டு. வலி ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் ஆனால் அந்தப் பக்கத்து முடியைத் தொட முடியாது. சீப்புப் பட்டால் கண்ணீர் வரும். தோடு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுவேன். அந்தப் பக்கக் கன்னத்தைத் தலையணையில் வைக்க முடியாது. சில சமயம் கை வரைக்கும் பரவி, வளையல் உரசினாலே எரியும்.

நம் வீடுகளில் தலைவலி என்றால் உடனே ஒரு கை தலைக்கு வந்துவிடும். என் மாமியார் சுக்கு இழைத்துப் பற்றுப் போடுவார், தைலம் தேய்ப்பார், துண்டை இறுக்கிக் கட்டிவிடுவார். எல்லாம் பாசம்தான், பலருக்கு அது இதமாகவும் இருக்கும். ஆனால் தோல் வலிக்கிற நேரத்தில் அந்தக் கையைத் தாங்கவே முடியாது. "வேண்டாம் அத்தை" என்றால், "தொட்டதுக்கே இப்படியா?" என்பார்.

தொட்டாலே தோல் வலிக்கும் இந்த நிலைக்கு மருத்துவத்தில் அலோடினியா என்று பெயர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டனில் ராமி பர்ஸ்டைன் என்ற ஆய்வாளரின் குழுவினர், ஒற்றைத் தலைவலி உள்ள 42 பேருடைய தோலை, வலி வந்திருக்கும் நேரத்திலேயே சோதித்தார்கள். 33 பேருக்கு, சாதாரணமாக வலிக்காத சூடும் குளிரும் அழுத்தமும் வலித்தன. முகத்திலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்பு ஓயாமல் வலியை அனுப்ப, அதை வாங்கும் மூளைத்தண்டு நரம்பணுக்கள் உசுப்பேறிப் போகின்றன. அப்புறம் வெறும் தொடுகையும் அங்கே வலியாகவே பதிவாகிறது. மூளையின் இன்னும் மேலான பகுதிக்கும் இது எட்டினால் கை கால்களும் வலிக்கும். ஆக, இது நடிப்பும் இல்லை, செல்லமும் இல்லை.

இது தெரிந்தால் சிகிச்சைக்கே உதவும். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் சுமட்ரிப்டான் வகை மாத்திரைகள் தோல் வலி தொடங்கும் முன்பே போட்டால் நன்றாகக் கேட்கும், தொடங்கியபின் போட்டால் பலருக்கு முழுதாகக் கேட்காது என்று அதே குழு பிறகு காட்டியது. நான் பார்த்த மருத்துவர்களில் ஒரே ஒருவர்தான் "தலை சீவினால் வலிக்கிறதா?" என்று கேட்டார். மாத்திரையை எப்போது போட வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை இல்லை இது. இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது, மாதத்தில் பத்து நாளும் அதற்கு மேலும் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கூட்டும்.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, சீவும்போது தலைத்தோல் வலித்தாலோ மெல்லும்போது தாடை வலித்தாலோ கதை வேறு. அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கும் இந்தத் தலைவலி வந்திருக்கிறது. இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டிய இரட்டைச் சடையோடு மாலை வரை உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பெரும்பாடு. வலி வரும் நாளில் மட்டும் சடையைத் தளர்த்திக்கொள்ள அனுமதி கேட்டேன். மருத்துவர் சீட்டும் கொடுத்தேன். அப்படியும் பிரேயரில் தனியே நிறுத்தினார்கள். ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்த ஒரு நாளுக்கு ரிப்பனை அவிழ்க்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, இதை உங்கள் மருத்துவப் பக்கத்தில் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மன்னார்குடி