பயன் தீர்ந்த வினையூக்கியைக் கழிவுக் கணக்கில் எழுதும் ஆலை நிர்வாகங்களுக்கு

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் வேதிப்பொருள் ஆலைகளிலும் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ரியாக்டர்களிலிருந்து (வேதிவினை நடக்கும் கலன்கள்) இறக்கப்படும் வினையூக்கியை, அதாவது அந்த வினையை வேகப்படுத்தும் பொருளை, வாங்கி, அதிலிருக்கும் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் தொழிலில் இருப்பவன் நான். வாங்கும்போது காட்டும் அக்கறையில் பாதியையாவது வெளியேற்றும்போதும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இதில் என் வயிற்றுப்பாடும் கலந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை.

புது வினையூக்கிக்கு மேற்பரப்பளவு, துளை அளவு, நொறுங்கும் வலிமை என எல்லாவற்றுக்கும் சான்றிதழ் கேட்கிறீர்கள். சில ஆண்டுகள் கழித்து அதே பொருள், "கழிவு, இத்தனை டன்" என்று ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. எண்ணெயிலிருந்து கந்தகத்தை எடுக்கும் கந்தக நீக்க அலகையே எடுத்துக்கொள்வோம். அலுமினாவின் (அலுமினிய ஆக்சைடு) மேல் கோபால்ட்டும் மாலிப்டினமும், அல்லது நிக்கலும் மாலிப்டினமும் ஏற்றிய சின்னஞ்சிறு குச்சிகள் அவை. கோபால்ட் வகை வந்திறங்கும்போது நீல நிறத்தில் இருக்கும். கந்தகம் ஏறியதும் கறுத்துவிடும். பிறகு கோக் என்னும் கரிப் படிவு படியும். கனமான எண்ணெய் என்றால் அதிலுள்ள வனேடியமும் நிக்கலும் துளைகளை அடைத்துக்கொள்ளும். வினையூக்கியைக் கொன்ற அந்த வனேடியம்தான் எங்களுக்குச் சம்பளம் தருகிறது. கசடெண்ணெய் அலகிலிருந்து வரும் சரக்கில், வெட்டியெடுக்கும் தாதுக்கள் பலவற்றைவிட அதிக வனேடியம் இருப்பதுண்டு.

அப்படிப்பட்ட சரக்கு எங்கள் முற்றத்துக்கு எப்படி வருகிறது என்று ஒருநாள் வந்து பாருங்கள். மூடி சரியாகப் பொருந்தாத டிரம். கை வைத்தால் சூடு. உலோக சல்பைடுகள் காற்றுப் பட்டால் தாமாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து சூடேறும், சில சமயம் தீயே பிடிக்கும் என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததன்று. நைட்ரஜன் நிரப்பி இறுக மூட வேண்டிய டிரம்மை அவசரத்தில் அப்படியே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். திறந்தால் கந்தக டை ஆக்சைடு நெடி மூக்கைத் துளைக்கிறது. உள்ளே வினையூக்கியோடு, படுகையை (ரியாக்டருக்குள் அடுக்கிய வினையூக்கி அடுக்கு) தாங்க வைத்த பீங்கான் உருண்டைகளும் கலந்து கிடக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இந்த வகைக் கழிவை 1998-லேயே அபாயகரமான கழிவுப் பட்டியலில் சேர்த்தது. டிரம்மைத் தொட்டுப் பார்த்தவர் எவரும் அதற்குக் காரணம் கேட்கமாட்டார்.

சூட்டைக்கூடச் சமாளித்துவிடலாம். பெரிய தலைவலி கலப்படம்தான். ரியாக்டரின் மேல் படுகைதான் ஆர்செனிக், சிலிக்கா போன்ற நச்சுகளை முதலில் வாங்கிக்கொள்கிறது. அடிப்படுகை பெரும்பாலும் கோக் படிந்ததோடு சரி. கட்டுப்பாடாக எரித்துக் கோக்கை நீக்கினால் மீண்டும் வேலைக்குப் போகும். இரண்டையும் ஒரே குவியலாகக் கொட்டினால், உயிர் பிழைத்திருக்க வேண்டியதும் உலைக்கு வந்துவிடுகிறது. உலோக மீட்புக்கும் அந்த ஆர்செனிக் தொல்லை: சோடா உப்போடு சேர்த்து வறுத்து, நீரில் ஊறவைத்தால் மாலிப்டினமும் வனேடியமும் கரைசலுக்குள் இறங்கும், கோபால்ட், நிக்கல், அலுமினா திப்பியில் தங்கும். ஆர்செனிக்கும் அந்தக் கரைசலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அம்மோனியம் உப்பு சேர்த்து வனேடியத்தை வீழ்படிவாக்கும் முன் அதைத் துரத்த வேண்டும். அதற்கு ஒரு செலவு, அதிலிருந்து இன்னொரு கழிவு.

விலை பேசும்போது நீங்கள் நீட்டும் மாதிரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிரம்மின் மேல்பகுதியிலிருந்து ஒரு கை அள்ளித் தருகிறார்கள். பொடி முழுவதும் பயணத்தில் அடிக்குப் போயிருக்கும். அந்தக் கைப்பிடியை வைத்து யார் விலை சொன்னாலும் ஒரு தரப்பு ஏமாறும். அது பெரும்பாலும் நீங்கள்தான்.

மதிப்பு தெரிந்த இடத்தில் உங்களில் எவரும் இப்படி நடந்துகொள்வதில்லை. நைட்ரிக் அமில ஆலையைப் பாருங்கள். 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் அம்மோனியா, வினையூக்கியான பிளாட்டினம்–ரோடியம் வலையைக் கடக்கும்போது, பிளாட்டினம் ஆக்சைடு ஆவியாகக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்து போகிறது. அதைப் பிடிக்க அடியில் பல்லேடியம் வலை விரிக்கிறார்கள். குழாய்களில் படிந்த தூசியைக்கூட விடாமல் வழித்தெடுக்கிறார்கள். மாலிப்டினம் பிளாட்டினம் இல்லைதான். ஆனால் ஒழுங்காகப் பிரித்து அனுப்பிய சரக்குக்கு வாங்குபவர் பணம் தருவார். கலந்து அனுப்பியதற்கு நீங்கள் பணம் கட்ட நேரலாம்.

மீட்பு வேலை தூய்மையானது என்று நான் சான்றிதழ் தரவில்லை. வறுக்கும்போது வரும் கந்தக டை ஆக்சைடைக் கழுவிப் பிடிக்க வேண்டும். கடைசியில் சோடியம் சல்பேட் நிறைந்த நீர் மிஞ்சும். அதைச் சரியாகக் கையாளாதவருக்கு, விலை கூடக் கொடுத்தாலும், சரக்கைத் தராதீர்கள். எல்லா வினையூக்கிக்கும் இந்தப் பாடு தேவையும் இல்லை. அம்மோனியா தயாரிப்பின் இரும்பு வினையூக்கியை இரும்பாக உருக்கிவிட்டுப் போகலாம்.

கட்டாயம் வந்த பிறகுதான் வேதித்தொழில் எப்போதும் கண் திறந்திருக்கிறது. உப்பிலிருந்து சோடா எடுக்கும் பழைய லெப்ளாங்க் முறையில் இயங்கிய பிரிட்டிஷ் ஆலைகள் ஹைட்ரஜன் குளோரைடைப் புகைபோக்கி வழியே விட்டு ஊரையே கருக்கின. அதில் 95 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும் என்றது 1863-ஆம் ஆண்டுச் சட்டம். பிறகு ஹென்றி டீக்கன் என்ற வேதியியலாளர், தாமிரக் குளோரைடு வினையூக்கியைக் கொண்டு அதே வாயுவிலிருந்து குளோரின் எடுத்துக் காட்டினார். அந்தக் குளோரினில் செய்த வெளுப்புத்தூளின் (பிளீச்சிங் பவுடர்) வருமானம்தான் அந்த ஆலைகளைப் பின்னாளில் தாங்கிப் பிடித்தது. இன்று அதே வினை ருத்தேனியம் ஆக்சைடின் மேல் நடக்கிறது.

பராமரிப்புக்காக ஆலையை அடுத்த முறை நிறுத்துவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வினையூக்கி கொள்முதல் ஒப்பந்தத்திலேயே அதைத் திரும்ப எடுப்பவர் யார், எந்த முறையில் என்று எழுதுங்கள். இறக்கும் ஒப்பந்ததாரரின் பணி விவரத்தில், படுகை வாரியாகப் பிரித்து, நைட்ரஜன் போர்வையில், தனித்தனி எண்ணிட்ட டிரம்களில் அடைக்க வேண்டும் என்று சேருங்கள். கூடவே, அந்த ரியாக்டர் என்ன எண்ணெயைக் குடித்தது என்ற பதிவேட்டின் நகல் ஒன்றையும் அனுப்புங்கள். வணிக ரகசியம் என்று மறுக்கிறீர்கள். வறுத்து ஊறவைத்த மறுநாள் அந்த ரகசியம் எங்கள் ஆய்வகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. முன்பே தெரிந்தால் ஆர்செனிக் தூசியை எங்கள் ஆட்கள் சுவாசிக்காமல் இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் டிரம்களைத் திறப்பவர்களில் ஒருவன்