தட்டுவடை செட்டுக்கு ஒரு நிமிடம்

வியன்னா,
நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் நீ "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்பதிலும், நான் சாப்பிட்டதை நிரூபிப்பதிலுமே பாதி நேரம் போய்விடுகிறது. மீதிப் பாதியைத் தறிச் சத்தம் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் படித்தால் உனக்குக் கண் வலிக்கும். தம்பியிடம் அச்செடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் நீ கேட்டதற்கெல்லாம் பதில். ஏற்காட்டுக் குளிர் மாதிரித்தானே இருக்கும் என்றாய். ஏற்காட்டில் நடுங்கினால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வந்து சேர்ந்துவிடலாம். இங்கே இறங்கிப் போகக் கீழே ஊர் இல்லை. மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டு. அப்போது உங்களுக்கு இரவு எட்டரை. தண்ணீர்க் கவலை மட்டும் கிடையாது. மலைச் சுனையிலிருந்து 1873-இல் கொண்டுவந்த கால்வாய்த் தண்ணீர் இன்றைக்கும் குழாயில் வருகிறது, அப்படியே பிடித்துக் குடிக்கிறோம். மேட்டூர்த் தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்று தெருவில் விசாரித்தவள் நான். இன்னமும் இரவில் ஒரு பாட்டில் நிரப்பி வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்துக் கடைகள் மாதிரி ஒன்றிரண்டைத் தவிர மளிகைக் கடை எதுவும் திறக்காது. ஊரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எழுத நல்ல நாள்.

"சமையல் குறிப்புக்குப் படம் போடவா அத்தனை தூரம் போனா?" என்று அத்தை கேட்டார்களாம். ஆமாம், நான் படிக்க வந்த அனிமேஷன் படிப்பில் இந்தப் பருவத்துக்கு அதுதான் வேலை. உங்கள் ஊர்த் தின்பண்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், 60 நொடியில் நகரும் படமாகச் செய்து காட்டுங்கள், பேச்சு கூடாது, மொழி தெரியாதவரும் பார்த்துவிட்டுச் செய்யும்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்ஃபோகிராஃபிக் என்பார்கள். பஸ் நிலையத்தில் ஓஆர்எஸ் கரைசல் செய்வதைக் கட்டம் கட்டமாக வரைந்து ஒட்டியிருப்பார்களே, அது அசைந்தால் எப்படியிருக்கும், அதுதான். வகுப்பில் ஒருத்தி பூசணி விதை எண்ணெய் போட்ட சாலட்டை எடுத்தாள், ஒருவன் டம்ப்ளிங் என்கிற கொழுக்கட்டையை எடுத்தான். நான் எதை எடுப்பேன்? தட்டுவடை செட்தான். இட்லி, தோசை எல்லாம் தமிழ்நாடு முழுக்கச் சொந்தம். அந்தி சாய்ந்ததும் தெருவுக்குத் தெரு வண்டி போட்டு, தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கிற ரெண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காயும் அடைத்துத் தருகிற பெருமை சேலத்துக்குத்தான்.

இந்த வேலையை இந்த ஊரில் செய்வதற்கு ஒரு பொருத்தம் உண்டு. ஓட்டோ நொய்ராத் என்று ஒருவர் 1925 வாக்கில் இங்கே ஒரு அருங்காட்சியகம் நடத்தினார். வேலைக்காரர்களும் வீட்டுப் பெண்களும் வந்து பார்த்தால், வாடகை எவ்வளவு, காசநோய் எவ்வளவு, எத்தனை குழந்தைகள் பிறந்தன என்பதெல்லாம் படத்திலேயே புரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் அவருக்காக ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன உருவங்கள் செய்தார். இன்று விமான நிலையத்திலும் கழிப்பறைக் கதவிலும் நாம் பார்க்கிற பொம்மை மனிதர்களுக்கு அவையெல்லாம் முன்னோர். அங்கே ஒரு கண்டிப்பான விதி இருந்தது. ஒன்று அதிகம் என்று காட்ட அதைப் பெரிதாக வரையக் கூடாது, அதே அளவில் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். பெரிய மிளகாய் ஒன்றை வரைந்தால் பார்க்கிறவன் குடைமிளகாயா என்று கேட்பான். சின்ன மிளகாய் எட்டு வரிசையாக நின்றால் எண்ணிப் போடுவான். அந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டேன். 1934-இல் அரசியல் மாறியதும் நொய்ராத் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. அருங்காட்சியகம் இன்னும் இருக்கிறது, ஐந்தாவது வட்டாரத்தில்.

அந்தக் குழுவில் எனக்குப் பிடித்தவர் மரீ ரைடமைஸ்டர் என்கிற பெண். புள்ளிவிவரக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதில் எதை வைப்பது, எதைத் தள்ளுவது, எந்த வரிசையில் அடுக்குவது என்று முடிவு செய்வது அவர் வேலை. வரைகிறவருக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பார். நம் வீட்டில் அந்த வேலையை இப்போது நான் செய்துகொண்டிருக்கிறேன் அம்மா. உன் செய்முறையைக் கேட்டு எழுதி வைத்ததில் நாலு பக்கம் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் பக்கத்து வீட்டு எண்ணெயைப் பற்றி.

அளவுதான் பெரிய பாடு. ஆழாக்குக்கு 168 மில்லி என்று கணக்கு உண்டு, பரவாயில்லை. ஆழாக்கு அரிசி மாவைத் தராசில் போட்டேன், ஏறக்குறைய 100 கிராம். இந்த ஊரில் கடையில் கிராம் என்று கேட்பது குறைவு. டெக்கா என்பார்கள், பத்து கிராமுக்கு ஒரு டெக்கா. ஆக, 10 டெக்கா அரிசி மாவு. ரெண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு, ஊறின கடலைப்பருப்பு ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூன் வெண்ணெய் வரைக்கும் சரி. "உப்பு பாத்துப் போடு" என்பதை எப்படி வரைவது, சொல். பெருங்காயத்துக்கு "வாசம் வர்ற அளவுக்கு" என்றாயே, அதை மூக்கு ஒன்றை வரைந்துதான் சமாளித்தேன். ஆசிரியை சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்றார்.

பென்சிலில் கிறுக்கின முதல் வரைவைக் காட்டியபோது எல்லோரும் அது பிஸ்கட் என்றார்கள். சிவப்புச் சட்னியை ஜாம் என்றும், பீட்ரூட்டை ஏதோ பழம் என்றும் நினைத்துக்கொண்டார்கள். இங்கே பீட்ரூட் என்றால் வேகவைத்துப் புளிக்காடியில் போட்டது, பச்சையாகத் துருவித் தின்பது யாருக்கும் தோன்றாது. அதனால் துருவலுக்கு மட்டும் நாலு நொடி கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். கேரட், பீட்ரூட், வெங்காயம் மூன்றும் துருவுபலகையிலிருந்து உதிரும். சேலத்தில் சீசன் வந்தால் மாங்காயும் சேரும். இங்கே கிடைப்பது கல் மாதிரி இருக்கிறது, படத்திலிருந்தே எடுத்துவிட்டேன். சட்னிக்கு வரும்போது எட்டு மிளகாயும் பூண்டுப் பல்லும் உப்பும் உரலுக்குள் போகின்றன. மிக்ஸி வரையலாமே என்றார்கள். வரைந்தால் பழச்சாறு என்று நினைப்பார்கள் என்றேன்.

இனி அப்பாவுக்கு. அப்பா, நீங்கள் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுப்பீர்கள், அதைப் பார்த்து அட்டை குத்துவார்கள், தறிமேல் இருக்கிற ஜக்கார்டில் ஏற்றினால் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு ஊடை இழை விழுந்து கடைசியில் சேலைக் கரையில் மயில் வந்து நிற்கும். இந்தப் படமும் அந்த மாதிரிதான். ஒரு படத்தை ஓர் அட்டை என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 25 அட்டை, 60 நொடிக்கு 1500. அத்தனையும் நான் குத்துவதில்லை. தட்டுவடை இங்கே இருக்கிறது, ஒரு நொடி கழித்து அங்கே இருக்கும் என்று முக்கியமான இரண்டு நிலையை மட்டும் வைத்தால் நடுவில் உள்ளதைக் கணினி நிரப்பிக்கொள்ளும். ஆனால் அது நிரப்புவது ஒரே சீரான வேகத்தில். கையில் இருந்து விழுகிற காய் அப்படி விழாது. மெல்லக் கிளம்பி, போகப் போக வேகம் பிடிக்கும். அந்த வேகத்தைக் கோடாக வளைத்து வளைத்துச் சரிசெய்வதில்தான் எனக்கு ராத்திரிகள் போகின்றன. இழை இழுப்புச் சரியில்லாத கரையை நீங்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பீர்களே, இதிலும் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும்.

அனிமேஷன் படிக்கப் போனால் முதலில் சொல்லித் தருவது, எந்தப் பொருள் தரையில் மோதினாலும் கொஞ்சம் அமுங்க வேண்டும், எழும்பும்போது நீள வேண்டும் என்பது. பந்துக்கு அழகாக இருக்கும். தட்டுவடைக்கு அதைச் செய்தால் தட்டில் விழுந்தது ஊத்தப்பம் ஆகிவிடும். மொறுமொறுப்பைக் காட்ட வேண்டுமானால் அது துளியும் வளையக் கூடாது. கடிக்கிற இடத்தில் இரண்டு அட்டை நேரம் ஒன்றுமே நடக்காமல் நிற்க வேண்டும். அடுத்த அட்டையில் பட்டென்று மூன்றாகப் பிளந்து தூள் சிதற வேண்டும். அந்தச் சிறு தயக்கம் இல்லாவிட்டால் அட்டைப் பெட்டியைக் கிழிக்கிற மாதிரி இருக்கிறது. வண்டிக்கார அண்ணன் சட்னியை ஏன் கடைசி நிமிடத்தில் தடவுகிறார் என்பதும் வரையும்போதுதான் உறைத்தது. முன்னாலேயே தடவி வைத்தால் மாவு ஈரத்தை இழுத்து நமத்துவிடும். அதனால் படத்திலும் சட்னி தடவுவது தொடங்கிக் கடிப்பது வரை ஒரே மூச்சு, நடுவில் வெட்டு கிடையாது.

பேச்சு கூடாது என்றார்களே தவிர, சத்தம் கூடாது என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை நிமிஷம் பொரிக்கணும் என்று நான் கேட்டதற்கு நீ நிமிஷமே சொல்லவில்லை, "சலசலப்பு அடங்கினா எடுத்துரு" என்றாய். சரியான விஞ்ஞானம் அது. எண்ணெய் 170 டிகிரியில் இருக்கும்போது மாவில் உள்ள தண்ணீர் ஆவியாகிக் குமிழியாக வெளியேறுகிறது. குமிழி நின்றால் ஈரம் தீர்ந்தது என்று அர்த்தம். தட்டியதைக் குத்தி ஓட்டை போடுவதும் அந்த ஆவி போக வழி விடத்தான், இல்லையென்றால் பூரியாக உப்பிவிடும். அதனால் படத்தில் கடிகாரம் வைக்கவில்லை. விடுதிச் சமையலறையில் ஜன்னல் கதவைத் திறந்து வைத்து, குளிரில் நின்று, நிஜமாகவே பொரித்துப் போனில் பதிவு செய்தேன். நாஷ்மார்க்ட் சந்தைப் பக்கத்துக் கடைகளில் அரிசி மாவும் பொட்டுக்கடலையும் கிடைத்துவிட்டன. கறிவேப்பிலை மட்டும் தங்கம் மாதிரி எண்ணி விற்கிறார்கள். பொரிந்த சத்தம் குறையக் குறையக் குமிழியும் குறைகிற மாதிரி ஓட்டினேன். பொரித்ததில் மிச்சமானதை உடைத்து, சட்னியும் காயும் கலந்து நொறுக்கல் போட்டு மாடியில் உள்ளவர்களுக்குக் கொடுத்தேன், பாத்திரம் கழுவியே திரும்பி வந்தது.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குதித்து வருகிற வித்தை ஒன்று மென்பொருளில் தயாராகவே இருக்கிறது. இங்கிலீஷுக்கும் ஜெர்மனுக்கும் அழகாக ஓடுகிறது. "வெங்காயம்" என்று போட்டால் வ ஒரு பக்கம் குதிக்க, கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பக்கம் நிற்கிறது. எத்தனை கோடிப் பேர் எழுதுகிற எழுத்து! கடைசியில் சொல்லை முழுதாக ஒரு படமாக மாற்றிவிட்டு, சொல் சொல்லாகத்தான் வரவைக்கிறேன். ஒரு சொல்லுக்கு இரண்டு நொடியாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உன் வயதில் உள்ளவர்கள் கண்ணாடியைத் தேடுவதற்குள் போய்விடும்.

நிறத்திலும் ஒரு திருத்தம் வந்தது. ஏறக்குறைய 12 ஆண்களில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாதாம். அவருக்குக் காரச் சட்னியும் புதினாச் சட்னியும் ஒன்றுதான். பச்சையில் இலைத் துணுக்கும் சிவப்பில் விதைப் புள்ளியும் போட்டுவிட்டேன்.

சாப்பாடு பற்றிக் கவலைப்படாதே. இங்கே தெருமுனையில் சாசேஜ் வண்டிக்கடைகள் உண்டு, பெயர் வூர்ஸ்டல்ஸ்டாண்ட். நாடகம் பார்த்துவிட்டு வருகிற கோட்டுப் போட்ட துரைகளும், குப்பை வண்டி ஓட்டுகிறவர்களும் ஒரே பலகையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிடுகிறார்கள். 2024-இல் இந்தப் பழக்கத்தை ஆஸ்திரியாவின் மரபுச் செல்வப் பட்டியலில் யுனெஸ்கோ சார்பில் சேர்த்துவிட்டார்கள். சாசேஜுக்குப் பக்கத்தில் கிரென் என்று ஒரு வேரைத் துருவித் தருகிறார்கள், மூக்கு வழியாக உயிர் போகிற காரம். நான் சாசேஜ் சாப்பிட்டேனா என்று மட்டும் கேட்காதே. நம் வண்டிகளையும் ஏதாவது பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். அதற்குள் சாலை அகலப்படுத்துகிறோம் என்று வண்டியை நகர்த்தாமல் இருந்தால் போதும்.

இனி உனக்கு வேலை. ஜனவரியில் படத்தைக் கொடுத்தாக வேண்டும். கை ஒன்றுதான் இன்னும் சரியாக வரவில்லை. என் கையை வைத்து வரைந்தால் பரிமாறுகிற கையாக இருக்கிறது, விற்கிற கையாக இல்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு நம் முக்கு வண்டிக்குப் போ. அண்ணனிடம் கேட்டுவிட்டு, முகம் வேண்டாம், கையை மட்டும் மேலேயிருந்து எடுக்கச் சொல். தட்டுவடையை வரிசையாகப் பரப்புவது, கரண்டியின் பின்பக்கத்தால் சட்னி இழுப்பது, காயை அள்ளித் தூவுவது, எலுமிச்சை பிழிவது, மேல் தட்டுவடையை மூடி லேசாக அமுக்குவது, எல்லாம் ஒரே ஓட்டத்தில் வேண்டும். கூட்ட நேரத்தில் எடுத்தால்தான் அந்த வேகம் கிடைக்கும், ஏழு மணிக்குப் போ. ஓசியில் எடுக்காதே, ரெண்டு செட் வாங்கு. போனைப் படுக்கையாகப் பிடிக்காமல் நிமிர்த்திப் பிடிக்கச் சொல். அப்புறம், பீட்ரூட்டை எந்தப் பக்கத்துத் துளையில் துருவுகிறார் என்றும் பார்த்து எழுது, நான் பொடித் துளை என்று வரைந்திருக்கிறேன், சந்தேகமாக இருக்கிறது.

அப்பாவின் முதுகுவலிக்கு அந்தத் தைலத்தை விடாமல் போடச் சொல்.

இப்படிக்கு,
உன் மகள்