பழுது வயரில், மாற்றியது இசிஎம்: என் லோடு வேன் குறித்த புகார்

அனுப்புநர்
லோடு வேன் உரிமையாளர், ஓட்டுநர்,
சத்தியமங்கலம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வேன் தயாரிப்பு நிறுவனத்தின் தலைமை அலுவலகம்.

பொருள்: உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் வயரிங்கைச் சோதிக்காமல் இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றியது, பழைய இசிஎம்மைத் திருப்பித் தராதது தொடர்பாக.

ஐயா,

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு மல்லிகை, முல்லை, சம்பங்கி ஏற்றிப் போகும் வேன் என்னுடையது. உங்கள் நிறுவனத் தயாரிப்பு, பிஎஸ்6 டீசல் வண்டி. டிரைவர் வைக்கவில்லை, நானேதான் ஓட்டுகிறேன். வாரண்டி முடிந்த பிறகும் ஆயில் மாற்றுவது முதல் எல்லா வேலையையும் கம்பெனி சர்வீஸிலேயே செய்து வந்தேன். பில்கள் அத்தனையும் கையில் இருக்கின்றன.

போன சித்திரையில் வண்டி தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. புன்செய் புளியம்பட்டி தாண்டி அன்னூர் ரோட்டில் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் செக் இன்ஜின் விளக்கு எரியும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி இழுக்காது. சில நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகிவிடும். ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் விட்டு சாவியைத் திருப்பினால் எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். நல்ல ரோட்டில் ஒரு தொந்தரவும் இல்லை. சர்வீஸ் அட்வைசரிடம் இதை அப்படியே சொன்னேன். அவரும் ஜாப் கார்டில் "மேடு பள்ளத்தில் மட்டும் ஆஃப் ஆகிறது" என்று எழுதினார். அந்த ஒரு வரியைத் தயவுசெய்து கவனியுங்கள். குலுங்கும்போது மட்டும் வரும் பழுது என்றால் எந்த எலக்ட்ரீஷியனும் முதலில் வயரையும் கப்ளரையும் (வயரை இணைக்கும் பிளக்) தான் பார்ப்பார்.

ஸ்கேனர் போட்டதில் பி0641 என்ற கோடு (பழுதுக் குறியீடு) வந்ததாக ஜாப் கார்டில் இருக்கிறது. சென்சார்களுக்கு இசிஎம் கொடுக்கும் 5 வோல்ட் சப்ளையில் கோளாறு என்பதுதான் அதற்கு அர்த்தம். என் வண்டியில் ரெயில் பிரஷர் சென்சார் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளப்பது), பூஸ்ட் பிரஷர் சென்சார் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) போன்றவை ஒரே 5 வோல்ட் லைனில் இருக்கின்றன. அதில் ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும், வயர் பாடியில் தொட்டாலும், மொத்த லைனும் விழுந்துவிடும். ரெயில் பிரஷர் எவ்வளவு என்று தெரியாமல் இன்ஜின் நின்றுபோகும். அதனால் அந்த லைனில் உள்ள சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, 5 வோல்ட் திரும்பி வருகிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். பிறகு வயரைப் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் இசிஎம் மீது சந்தேகப்பட வேண்டும். உங்கள் சென்டரில் முதல் இரண்டையும் செய்ததாக ஜாப் கார்டில் ஒரு வார்த்தை இல்லை. "இசிஎம் போச்சு, புதுசு போடணும்" என்றார்கள். ரூ.61,400 கட்டினேன். அந்த மாத டியூவுக்கு வைத்திருந்த பணமும் அதில் போனது.

புது இசிஎம் போட்டு வண்டியை எடுத்த அன்றே இன்ஜினில் கடகடவென்று சத்தம், கறுப்புப் புகை. திரும்ப விட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கோடு (குறியீடு) அச்சிட்டிருக்கும். எந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசல் கூடக் குறைய விடுகிறது என்பதை அந்த கோடு மூலம்தான் இசிஎம் தெரிந்துகொண்டு சரிசெய்கிறது. இசிஎம்மை மாற்றினால் அந்த நாலு கோடுகளையும் புதியதில் ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமலே சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பதிவு செய்த சாவிக்கு மட்டும் வண்டியை ஸ்டார்ட் ஆக விடும் இம்மொபிலைசரில் ஒரு சாவியை மட்டும் பதிவு செய்ததால் வீட்டிலிருந்த இரண்டாவது சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டையும் பிறகு சரிசெய்தார்கள். ஆனால் அதற்குத் தனியாக "புரோகிராமிங்" என்று லேபர் போட்டு வாங்கினார்கள். தாங்கள் விட்ட வேலைக்கு வாடிக்கையாளரிடம் காசு வாங்குவது எந்த வகையில் நியாயம்?

அப்புறம் ஆடி பிறந்ததும் அதே பழுது, அதே ரோட்டில், அதே மாதிரி. லோடோடு அன்னூருக்கு முன்னால் நின்றுவிட்டது. மல்லிகை மொட்டாக இருக்கும்வரைதான் விலை. வெயில் ஏறி மூட்டைக்குள் சூடு பிடித்து விரிந்துவிட்டால் வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். அந்த லோடுக்கான நஷ்டத்தை விவசாயிகளுக்கு நான் ஈடு செய்ய வேண்டியதாயிற்று.

சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போனேன். ஸ்கேனரில் மறுபடியும் பி0641. அப்போது கிடைத்த பதில்தான் என்னை மிகவும் புண்படுத்தியது. "புது இசிஎம்மும் அடிவாங்கியிருக்கு. வெளி ஆள் யாரோ வயரிங்கில் கைவச்சிருக்காங்க, வாரண்டி வராது, இன்னொண்ணு போடணும்" என்றார்கள். ஸ்பேர் பார்ட்டுக்கு ஆறு மாத வாரண்டி என்று உங்கள் பில்லிலேயே அச்சிட்டிருக்கிறது. அதுவரை வெளி ஆள் ஒருவர்கூட அந்த வண்டியின் வயரைத் தொட்டதில்லை. அப்படித் தொட்டதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன், பதில் இல்லை.

வேறு வழியில்லாமல் கோவையில் அனுபவமுள்ள ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் என் கண் முன்னால் செய்ததைச் சொல்கிறேன். 5 வோல்ட் லைனில் மீட்டரை வைத்தார். அரை வோல்ட்கூட இல்லை. சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், மீட்டர் அசையவில்லை. சரி, சென்சார் இல்லை, வயர்தான் என்று சொல்லி, மீட்டரை என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு இன்ஜின் மேல் போகும் வயரிங் கட்டைக் கையால் மெதுவாக அசைத்துக்கொண்டே வந்தார். இஜிஆர் வால்வுக்கு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடும் வால்வு) பக்கத்தில் கை போனதும் மீட்டர் 5 வோல்ட் காட்டியது. கையை எடுத்தால் விழுந்தது. டேப்பைப் பிரித்துப் பார்த்தால், பிராக்கெட்டின் ஓரத்தில் உரசி உரசி ஒரு வயரின் மேல்தோல் போய், செம்பு பளபளவென்று தெரிந்தது. பிராக்கெட் ஓரத்திலும் அதே இடத்தில் பெயின்ட் போயிருந்தது. அந்த இடத்தில் வயரைப் பிடித்து நிறுத்த வேண்டிய கிளிப் உடைந்து கிடந்தது.

வேலையைத் தொடுமுன் போட்டோவும் வீடியோவும் எடுத்தோம். அவர் வயரைச் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, பிராக்கெட்டிலிருந்து விலக்கிப் புது கிளிப்பில் மாட்டினார். கூலியோடு ரூ.850. "அடிவாங்கிவிட்டது" என்று நீங்கள் சொன்ன அதே இசிஎம்மோடுதான் இன்றுவரை வண்டி அதே ரோட்டில் லோடோடு ஓடுகிறது. விளக்கு எரியவில்லை, கோடும் வரவில்லை.

அப்படியானால் முதலில் கழற்றிய இசிஎம்மில் பழுது இருந்ததா? என் வண்டியின் பழைய பார்ட்டை என்னிடம் கொடுத்திருந்தால் சோதித்துப் பார்த்திருக்கலாம். கேட்டதற்கு "ஸ்கிராப்பில் போட்டாச்சு" என்று ஒருவரும், "கம்பெனிக்கு அனுப்பியாச்சு" என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். பழைய பார்ட்டை அவர்கள் எடுத்துக்கொள்ளச் சம்மதித்து நான் எந்தக் கையெழுத்தும் போடவில்லை. பில்லில் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை. முழு விலை கொடுத்தவனுக்குப் பழைய பொருளும் சொந்தம்தானே.

எனவே அந்த இசிஎம்மை, அதன் சீரியல் நம்பரோடு, எனக்குத் திருப்பித் தர வேண்டும். தர முடியாது என்றால், அதில் இன்ன பழுது இருந்தது என்று சோதனை அறிக்கை தர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இசிஎம்முக்கு வாங்கிய ரூ.61,400-ஐத் திருப்பித் தர வேண்டும். புரோகிராமிங் என்று வாங்கிய லேபரை எந்த நிபந்தனையும் இல்லாமல் திருப்பித் தர வேண்டும். இப்போது வண்டியில் உள்ள இசிஎம்முக்கு ஆறு மாத வாரண்டி செல்லும் என்று எழுத்தில் உறுதி வேண்டும். கூடவே, இதே மாடல் வண்டிகளில் அந்த பிராக்கெட் பக்கம் வயர் போகும் விதத்தை உங்கள் தொழில்நுட்பப் பிரிவு பார்க்க வேண்டும். சத்தி மார்க்கெட்டில் இதே வண்டி வைத்திருப்பவர்கள் பலர். அவர்களும் என்னைப் போல இசிஎம்முக்குப் பணம் கட்டிவிடக் கூடாது.

இது வணிக வாகனம், நீ நுகர்வோர் இல்லை என்று சர்வீஸ் சென்டரில் ஒருவர் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(7)-இல் உள்ள விளக்கம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்வதில்லை. சொந்தமாக ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவரும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. என் நிலைமையும் அதுதான்.

ஜாப் கார்டுகள், பில்கள், ஸ்கேன் பிரிண்ட், போட்டோக்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். வீடியோ பென் டிரைவில் உள்ளது. கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வேண்டும். போனில் சொல்லும் சமாதானம் வேண்டாம். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பணத்தோடு, கெட்டுப்போன லோடுக்கும் சேர்த்து இழப்பீடு கேட்பேன்.

இப்படிக்கு,
லோடு வேன் உரிமையாளர்,
சத்தியமங்கலம்.