எங்கள் காசு எத்தனை நாளில் திரும்பி வருகிறது? பணிப்பாளர் சபைக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பணிப்பாளர் சபைப் பிள்ளைகளுக்கு,

பிள்ளைகள் என்று எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். உங்களில் இரண்டு பேர் யாழ்ப்பாணத்தில் என்னிடம் உயர்தரத்துக்குக் கணக்கீடு படித்தவர்கள். ஐந்தொகையின் இரண்டு பக்கமும் பொருந்தாத நாளில் வித்தியாசத்தைத் "தொங்கல் கணக்கில்" போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். இன்றைக்கு நான் உங்கள் கம்பனியின் ஒரு சின்னப் பங்குதாரர். ஓய்வு பெற்றபோது கிடைத்த காசில் ஒரு பகுதியை உங்களை நம்பித்தான் போட்டேன். ஆனபடியால் ரீச்சராகவும் பங்குதாரராகவும் இரண்டு விதத்திலும் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

கம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை, மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் (காய்ந்த பனங்கிழங்கு மா) விற்கிற கம்பனி என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊரில் இப்போது இப்படி எத்தனையோ கம்பனிகள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, நண்டு, மென்பொருள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். எல்லாவற்றிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிற அண்ணன்மார், மச்சான்மாரின் காசு கிடக்கிறது. மற்றவர்களும் தங்கள் கம்பனியை நினைத்துக்கொண்டு வாசிக்கட்டும்.

சென்ற செப்டெம்பர் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நல்லூருக்கு வந்தேன். வடை நன்றாக இருந்தது. தனியார் கம்பனிக்கு, ஊழியரைத் தவிர்த்து, 50 பங்குதாரருக்கு மேல் கூடாது என்பதால் நாங்கள் எல்லோரும் ஒரு கலியாண வீட்டுப் பந்திக்குள் அடங்கிவிடுவோம். அதில் பாதிப் பேர் திரையில், சூமில். விளக்கேற்றியது, பிரமுகர் வந்தது, புது இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தது என்று படங்கள் ஓடின. பிறகு விற்பனை வரைபடம். ஒவ்வொரு சலாகையும் முந்தியதைவிட இரண்டு மடங்கு உயரம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அச்சு பூச்சியத்தில் தொடங்கவில்லை, நடுவில் எங்கேயோ தொடங்கியது. அடியை வெட்டிவிட்டு நுனியை மட்டும் காட்டினால் எந்த வடலியும் பனைமரமாகத்தான் தெரியும். உயர்தர விடைத்தாளில் இப்படி வரைந்திருந்தால் நான் புள்ளி போட்டிருக்க மாட்டேன்.

விற்பனை கூடியது பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த வரைபடத்தின் முதல் சலாகைகள் 2021/22, 2022/23 வருடங்களுக்கு உரியவை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். அந்த வருடத்தில் ஒரு பை செத்தல் மிளகாயின் விலை எங்கே போனது என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும். விலை அப்படி ஏறும்போது, ஒரு கிலோகூடக் கூடுதலாக விற்காமலே விற்பனை எண் ஏறும். குறைவாக விற்றிருந்தாலும் ஏறும். டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாவுக்குப் போன காலம் அது. ரூபாவில் வளர்ந்த கம்பனி ரொறன்ரோவில் காசு போட்ட ஆளின் கணக்கில் சுருங்கியிருக்கலாம். எத்தனை கிலோ விற்றோம், கிலோ ஒன்றுக்குச் சராசரி விலை என்ன என்று இரண்டு வரியாகப் பிரித்துச் சொன்னால் போதும். யாரும் கை தட்ட மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் விளங்கும்.

அடுத்து, மார்ச்சில் முடிந்த கணக்காண்டில் யூலை முதல் செப்டெம்பர் வரையான காலாண்டு முந்திய காலாண்டைவிட நன்றாகப் போனது என்று ஒரு படம் காட்டினீர்கள். போகாதா பின்னே? 25 நாள் நல்லூர்த் திருவிழா, விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுச் சனம், ஆளுக்கொரு பெட்டி மிளகாய்த்தூள். திருவிழாக் காலாண்டை முந்திய வருடத் திருவிழாக் காலாண்டோடுதான் ஒப்பிட வேண்டும். சந்தையில் மாம்பழம் விற்கிற அம்மாவுக்கும் தெரிந்த விஷயம் இது.

சரி, இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கேள்வி நேரத்தில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "தம்பி, நாங்கள் போடுகிற ஒரு ரூபா எத்தனை நாளில் காசாகத் திரும்பி வருகிறது?" நீங்கள் சிரித்துவிட்டு, "ரீச்சர், இலாபம் நல்லாய்த்தான் இருக்கு" என்றீர்கள். நான் இலாபத்தைக் கேட்கவே இல்லை.

உங்களுடைய எண்களைத் தரவில்லை என்பதால் கரும்பலகைக் கணக்கு ஒன்றைப் போடுகிறேன். வருட விற்பனை 365 இலட்சம் என்று வைப்போம், நாளொன்றுக்கு ஒரு இலட்சம். கடன்பட்டோரிடம் 90 இலட்சம் நிற்கிறது. கொழும்புப் பெரிய கடைகள் பொருளை இன்று எடுத்துக் காசை ஆறுதலாகத் தருகிறவை. ஆகவே விற்றபிறகு காசு வர 90 நாள். விற்ற பொருளின் அடக்கவிலை நாளுக்கு 60,000 ரூபா, களஞ்சியத்தில் இருப்பு 42 இலட்சம் என்றால் அது 70 நாள் கிடக்கிறது. நாம் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியது 9 இலட்சம், 15 நாள்தான். ஏனென்றால் ஒடியல் கொண்டுவருகிற விவசாயி கையில் காசைக் கொடுத்தால்தான் மூட்டையை இறக்குவார். அதில் பிழை சொல்ல முடியாது. எழுபதும் தொண்ணூறும் கூட்டிப் பதினைந்தைக் கழித்தால் 145 நாள். தைப்பொங்கலுக்குப் போட்ட காசு யூன் மாதத்தில்தான் வீட்டுக்கு வருகிறது. தொண்ணூறு இலட்சமும் நாற்பத்திரண்டும் கூட்டி ஒன்பதைக் கழித்தால், எந்த நேரமும் 123 இலட்சம் வெளியே மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இப்போது அந்தக் கம்பனி ஒரே வருடத்தில் 40 வீதம் வளர்கிறது. நாட்கள் மாறாவிட்டால் மாட்டிக்கொள்ளும் காசும் 40 வீதம் கூடும். மேலதிகமாக 49 இலட்சம் வேண்டும். புது விற்பனை 511 இலட்சம், அதில் தேறிய இலாபம் 5 வீதம் என்றால் 25 இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். மீதி 24 இலட்சம் எங்கிருந்து வரும்? வங்கி ஓடியிலிருந்து (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன்), அல்லது எங்களிடம் இன்னொரு முறை கேட்டு. இலாபமும் உண்டு, வளர்ச்சியும் உண்டு, சம்பள நாளில் காசு மட்டும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முதலில் சொன்னவர் ஒரு கணக்குப்பிள்ளையாகத்தான் இருந்திருக்க வேண்டும். இதே கம்பனி அந்த 90 நாளை 60 ஆகக் குறைத்தால் பழைய விற்பனையிலேயே 30 இலட்சம் கைக்கு வந்துவிடும். புதுப் பங்கும் வேண்டாம், கடனும் வேண்டாம்.

மார்ச் 31 இல் எடுக்கும் இருப்புக் கணக்கு எங்களைப்போன்ற பனம்பொருள் கம்பனிக்கு ஊதிக் காட்டும், ஒடியல் காலம் முடிந்து களஞ்சியம் நிரம்பியிருக்கும் நேரம் அது. ஆகவே காலாண்டுக்கு ஒருமுறை எடுத்து நான்கின் சராசரியைச் சொல்லுங்கள். கடன்பட்டோரை வயதுப்படி பிரித்துச் சொல்லுங்கள்: 30 நாளுக்குள், 60 நாளுக்குள், 90 ஐத் தாண்டியது. 90 ஐத் தாண்டியதில் எவ்வளவுக்கு ஐயக்கடன் ஏற்பாடு, அதாவது வராமலே போகலாம் என்று ஒதுக்கீடு, செய்திருக்கிறீர்கள்? அதில் ஒன்று உங்கள் சொந்தக்காரரின் கடையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் உறவில்லாத கொடுக்கல் வாங்கல் குறைவு, எனக்கு அது விளங்கும். உறவுக்காரருக்கு விற்பது குற்றமில்லை. அதைச் சொல்லாமல் விடுவதுதான் சந்தேகத்தைக் கொண்டுவருகிறது.

நீங்கள் காட்டிய "ஈபிட்டா" பற்றியும் ஒரு வார்த்தை. வட்டிக்கும் வரிக்கும் பெறுமானத் தேய்வுக்கும் முந்திய இலாபம். வெவ்வேறு கடன் சுமையுள்ள இரண்டு கம்பனிகளை ஒப்பிட அது உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உலர்த்தும் இயந்திரத்தைத் தேயாத பொருளாக நினைத்துக்கொண்டு கணக்குச் சொன்னால், அது தேய்ந்து நிற்கிற நாளில் புதியது வாங்க யார் தருவது? உங்கள் ஈபிட்டாவில் "ஒருமுறைச் செலவுகள்" என்றும் ஒரு தொகையைத் திருப்பிக் கூட்டியிருந்தீர்கள். முந்திய வருடத்து அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒருமுறைச் செலவு அங்கேயும் இருந்தது.

இது உங்கள் மேல் மட்டுமுள்ள குறையில்லை, உலகம் முழுக்க உள்ள பழக்கம். அதனால்தான் 2024 ஏப்ரலில் சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 18 வந்தது. 2027 ஜனவரி 1 இல் தொடங்கும் கணக்காண்டுகளிலிருந்து அது நடைமுறைக்கு வருகிறது. கம்பனி தானாகச் செய்துகொள்ளும் இலாப அளவுகளை முதலீட்டாளருக்குச் சொல்வதென்றால், எப்படிக் கணித்தோம், நியமப்படியான இலாபத்திலிருந்து எங்கே விலகுகிறது என்று கணக்கின் குறிப்பிலேயே காட்ட வேண்டும். கணிக்கும் முறையை மாற்றினால் ஏன் மாற்றினோம் என்றும் சொல்ல வேண்டும். சின்னக் கம்பனிக்கு அது கட்டாயமா இல்லையா என்று கணக்காய்வாளரோடு வாதாடாமல், அந்த நல்ல பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே.

வட்டியை நான் மறக்கவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கடன் வட்டி வீதத்தை ஒரே நாளில் 7.5 இலிருந்து 14.5 ஆக்கியதை இங்கே தொழில் செய்த ஒருவரும் மறந்திருக்க முடியாது. ஆகவே தொழிற்பாட்டு இலாபம் வட்டிச் செலவைப்போல் எத்தனை மடங்கு என்று வருடாவருடம் ஒரு வரி. இன்று நான்கு மடங்கு என்றால், வட்டி இரட்டிக்கிற நாளில் அது இரண்டு. இரண்டில் நிற்கிற கம்பனிக்கு அதே நாளில் ஒன்று.

பங்கொன்றுக்கான உழைப்பு, உரிமை மூலதனத்தின் மீதான வருவாய் எல்லாம் வழமைபோல் இருக்கட்டும். பங்குச் சந்தையில் இல்லாத கம்பனியில் அவற்றை வைத்து நான் என்ன விலை பேசப்போகிறேன்? அதைவிட, மிகப்பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து மட்டும் விற்பனையின் எத்தனை வீதம் வருகிறது என்பது எனக்கு முக்கியம். அந்த ஒருவர் நாளைக்கு வேறிடத்தில் வாங்கினால் நாங்கள் எங்கே நிற்போம்?

கடைசியாகப் பங்கிலாபம். கூட்டத்தில் நீங்கள் அறிவித்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் காசு வேண்டாமென்றில்லை, கூரை ஒழுகுகிறது. ஆனால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பங்கிலாபத்துக்கு முன்னால் ஒரு சோதனை வைத்திருக்கிறது. பங்கிலாபம் கொடுத்த பிறகும் கம்பனி தன் கடன்களை உரிய நாளில் இறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சொத்துகளின் பெறுமதி, பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் (பங்குகளுக்காகக் கம்பனிக்குக் கிடைத்த காசு) சேர்த்த தொகையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்குக் கணக்காய்வாளரின் சான்றும் வேண்டும். அதே சட்டம், தேறிய சொத்துகள் (சொத்தில் பொறுப்புகளைக் கழித்த மீதி) கூறப்பட்ட மூலதனத்தின் பாதிக்குக் கீழே போனால் விசேட பொதுக்கூட்டம் கூட்டச் சொல்கிறது. இவற்றில் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தொழிற்பாடுகளிலிருந்து வந்த காசா இந்தப் பங்கிலாபம், அல்லது ஓடியில் எடுத்ததா? காசு எங்கிருந்து வந்து எங்கே போனது என்று காட்டும் காசுப்பாய்ச்சல் கூற்று இல்லாமல் எனக்கு அது தெரிய வழியில்லை. அந்தக் கூற்றைத் தேடினேன். அறிக்கையின் 38 பளபளப்பான பக்கங்களில் அது கடைசிக்கு முந்திய பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில், போன வருட எண்கள் இல்லாமல் இருந்தது.

உங்களிடம் கேட்பது பெரிய வேலையில்லை. ஒரே ஒரு தாள். கிலோவும் விலையும், மொத்த இலாப வீதம், தொழிற்பாட்டிலிருந்து வந்த காசு, காசு திரும்பும் நாட்கள், வட்டியைப்போல் எத்தனை மடங்கு, பெரிய வாடிக்கையாளரின் பங்கு. ஐந்து வருட எண்கள் பக்கத்துப் பக்கமாக. ஒவ்வொன்றையும் எப்படிக் கணித்தீர்கள் என்று அடியில் ஒரு வரி, அந்த வரி அடுத்த வருடமும் அப்படியே. கூடாத வருடத்தில் ஒரு வரியை எடுத்துவிடக்கூடாது, அதுதான் முக்கியம். போன வருடம் காட்டிய எண்ணை இந்த வருடம் காணவில்லை என்றால் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

பயப்படவும் வேண்டாம். எங்களூரில் சீட்டுப் பிடிக்கிற அக்காமாரைப் பாருங்கள். ஒரு மாதம் யாரோ காசு கட்டவில்லை என்றால் அவர் அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிடுவார்: "இந்த முறை ஒரு ஆள் பிந்துது, நான் கைக்காசு போட்டிருக்கிறன்." அவரிடம் சீட்டுக் கட்ட ஆட்கள் நிற்பது அதற்காகத்தான். கெட்ட செய்தியை ஒளித்த அக்காவிடம் மறு வருடம் ஒருவரும் போவதில்லை.

சட்டப்படி ஆண்டறிக்கை கூட்டத்துக்கு 20 வேலை நாட்களுக்கு முன் எங்கள் கைக்கு அனுப்பப்பட வேண்டும். சென்ற முறை வாசலில் வடையோடு சேர்த்துத் தந்தீர்கள். இந்த முறை அந்த ஒற்றைத் தாள் முன்கூட்டி வரட்டும், படங்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அது வரும்வரை என்னுடைய பங்கிலாபக் காசோலையை எழுத வேண்டாம். கூட்டத்தில் வழமைபோல் முன்வரிசையில் இருப்பேன். வடை இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் கணக்கீட்டு ரீச்சர்,
யாழ்ப்பாணம்.