செயலாளரின் ஆண்டறிக்கை: கொட்டகைச் சூடும் சினை நிற்காத ஆடுகளும்

தலைவர், நிர்வாகக் குழுவினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கால்நடை, கோழி வளர்ப்போர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் கொட்டாஞ்சேனையில் நடந்தன. களனி கங்கை பெருகிய நாட்களில் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்த பேச்சு ஒன்றுதான்: "சினை நிற்குதில்லை", "முட்டை குறைஞ்சு போச்சு". முகத்துவாரத்தில் ஆடு வளர்க்கும் அண்ணன் ஒருவர், சித்திரை வெயிலுக்குப் பிறகு தன் மறிகளை, அதாவது பெண் ஆடுகளை, கடாவிடம் விட்டுப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. 21 நாள் கழித்து எல்லாம் மறுபடி பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கின. கடாவில்தான் பிழை என்று முடிவெடுத்து, இறைச்சிக்கு விலையும் பேசிவிட்டார். நல்லவேளையாக, அதற்கு முன் மிருக வைத்தியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம்.

வைத்தியர் கடாவைப் பார்க்கும் முன் கொட்டகையைத்தான் பார்த்தார். தலையில் இடிக்கும் உயரத்தில் வெறும் தகரம், மூன்று பக்கமும் மதில். காற்று நுழைய வழியே இல்லை. அவர் சொன்னதை எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். கடாவின் விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவது, உடற்சூட்டைவிடச் சில பாகை குளிர்ச்சி அவற்றுக்குத் தேவை என்பதால்தான். அந்தக் குளிர்ச்சி கிடைக்காவிட்டால் உருவாகிக்கொண்டிருக்கும் விந்தணுக்கள் கெட்டுப்போகும். ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறக்குறைய 2 மாதம் ஆகிறது. ஆகவே சித்திரையில் பட்ட சூட்டின் பலன் வைகாசி, ஆனியிலும் தெரியும். அதற்குள் மழை வந்து வெயிலை நாம் மறந்திருப்போம். பழி மட்டும் கடாவின் தலையில் விழும்.

அந்தக் கடாவை விற்கவில்லை. அண்ணன் கூரையை உயர்த்தி, தகரத்தின் மேல் கிடுகு போட்டு, ஒரு பக்க மதிலைப் பாதி இடித்தார். 2 மாதம் பொறுத்து விட்டபோது பெரும்பாலான மறிகள் சினை நின்றன. முந்தைய ஆண்டுகளில் இப்படி எத்தனை கடாக்களை விற்கச் சொல்லி நானே யோசனை கூறியிருக்கிறேன்! அந்த உயிர்களுக்கு நாம் அநியாயம் செய்துவிட்டோம்.

மாடுகளுக்கும் இதே கதைதான், ஆனால் கொழும்பில் இன்னும் கடினம். இங்கே வெயிலைவிட ஈரப்பதம்தான் எதிரி. காற்றில் ஈரம் கூடினால் வியர்வை காயாது, உடம்பும் ஆறாது. குளிர்நாட்டு இரத்தம் கலந்த பிரீசியன் மாட்டுக்கு நம் ஊர் ஆண்டு முழுவதுமே சூடுதான். சூடு தாங்காத பசு பருவத்துக்கு வந்தாலும் கத்தாது, மற்ற மாட்டின் மேல் தாவாது. வந்த அடையாளமும் பெரும்பாலும் இரவில் வந்து போய்விடும். மட்டக்குளி அக்கா இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் எழுந்து பார்க்கத் தொடங்கிய பிறகுதான், "பருவமே வராத" பசுவுக்கு ஒழுங்காகப் பருவம் வருவது தெரிந்தது. சினை ஊசி (செயற்கை முறைச் சினைப்படுத்தல்) போட்ட பிறகும் முதல் ஒரு வாரம் முக்கியம். கரு மிக இளசாக இருக்கும் அந்த நாட்களில் சூட்டைத் தாங்காது. அந்த வாரமாவது மாட்டை நிழலில் கட்டி, நண்பகலில் தண்ணீர் ஊற்றி, காற்று படவிடுங்கள்.

கோழி வளர்ப்போர் கேட்டது மெல்லிய கோது பற்றி. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைக்கும். இளைக்க இளைக்க இரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறும். முட்டைக் கோது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அந்த வாயு போய்விட்டால், காபனேற்றை உண்டாக்கத் தேவையானது இரத்தத்தில் குறைந்துவிடுகிறது. தீனும் குறைவாகவே எடுக்கும். கோது இரவில்தான் கட்டப்படுகிறது, எனவே சிப்பித்தூளை மாலையில் வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் வெயிலில் நிற்கக் கூடாது.

பயமும் சூட்டைப் போலத்தான். வெள்ளத்தில் இடம் மாற்றிய ஆடுகள் சிலவற்றுக்குக் கரு கலைந்தது. நெரிசல், நாய், வெடிச்சத்தம் எல்லாம் சேர்ந்து கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஓமோனைக் கூட்டும். அது நீடித்துக் கூடியிருந்தால், கருமுட்டை வெளியேற மூளையிலிருந்து வரும் தூண்டல் அடங்கிவிடும்.

அப்புறம், இளைஞர் பிரிவு கல்கிசைக் கடற்கரையில் நடத்திய மாலை நேரச் சந்திப்பையும் சொல்ல வேண்டும். விலங்கியல் படிக்கும் நம் அங்கத்தவரின் மகள் கடலாமைகளைப் பற்றிப் பேசினாள். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகையைத் தாண்டத் தாண்டப் பெண் கூடும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடக்கில், பச்சை ஆமை இனத்தின் இளசுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண் என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டுக் கரையிலும் 5 வகை ஆமைகள் முட்டையிடுகின்றன. நம் ஆட்டுக்கு நாம் கிடுகு போடலாம். ஆமைக்கு யார் போடுவார்? கரையோர மரங்களை வெட்டாமல் விடுவதுதான் அந்தக் கிடுகு என்று அந்தப் பிள்ளை சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

சரி, சபையின் முன் இரண்டு கோரிக்கைகள். சினை நிற்காத எந்த விலங்கையும் விற்கும் முன் நிர்வாகக் குழுவில் இருவர் வந்து கொட்டகையைப் பார்க்க இடம் கொடுக்க வேண்டும். சங்கச் செலவில் வெப்பமானிகள் சில வாங்கி, பங்குனி தொடங்கும் முன் சுழற்சியில் கொடுக்கவும் அனுமதி வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கொழும்பு