வக்ஃபு ஆய்வு தொடங்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சொத்தை அறத்துக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிவைக்கும் வக்ஃபு பற்றித்தான் முனைவர் பட்டம் செய்யப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ கோலாலம்பூரிலிருந்து அனுப்பிய கட்டுரைகள் கிட்டத்தட்ட எல்லாமே பண வக்ஃபு, அதாவது நிலம், கட்டடத்துக்குப் பதில் பணத்தையே வக்ஃபாக்குவது பற்றியவை. இந்தோனேசியா 2004-இல் தன் வக்ஃபு சட்டத்தில் பணத்தையும் சேர்த்துக்கொண்டது. இப்போது அங்கிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆய்வுகள் குவிகின்றன. பலவற்றின் போக்கு ஒன்றுதான்: கேள்வித்தாள் கொடுத்து, ‘பண வக்ஃபு கொடுக்க எண்ணம் உண்டா?’ என்று கேட்டு, விடைகளைக் கணக்குப் போடுகிறார்கள். இன்னொரு வகை, வந்த கட்டுரைகளையே எண்ணி வரைபடம் போடுகிறது. இவையும் வேண்டியவைதான். ஆனால் எண்ணம் உண்டு என்றவர் கொடுத்தாரா, கொடுத்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அதில் தெரிவதில்லை.

பண வக்ஃபு புதிதும் இல்லை, மகளே. 16ஆம் நூற்றாண்டு உஸ்மானிய (ஒட்டோமான்) ஆட்சியில் பணத்தை வக்ஃபாக்கி, கடனுக்கு விட்டு, வரும் வருமானத்தில் அறம் செய்தார்கள். அந்த ஆட்சியின் தலைமை மார்க்கத் தீர்ப்பாளரான ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் எஃபெந்தி இது மார்க்கப்படி கூடும் என்றார். அதே காலத்து அறிஞர் பிர்கிவி கூடவே கூடாது என்று எதிர்த்தார். வரலாற்றாய்வாளர் ஜான் மாண்டவில் 1979-இல் இந்தச் சர்ச்சையை விரிவாக எழுதினார். பிறகு முராத் சிஸாக்சா புர்சா நகரத்துப் பதிவேடுகளைத் திறந்து, அந்தப் பணத்துக்கு என்ன ஆனது என்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து போனார். எனக்குப் பிடித்தது அந்த உழைப்பு. 1546-ஆம் ஆண்டு இஸ்தான்புல் வக்ஃபு பதிவேட்டில் வாகிஃபுகளில், அதாவது வக்ஃபு ஏற்படுத்தியவர்களில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள் என்பதும் இப்படிப் பதிவேட்டை எண்ணிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

2001-இல் பொருளியல் அறிஞர் திமூர் குரான், வாகிஃப் எழுதிவைத்த நிபந்தனையை மாற்ற முடியாததால் வக்ஃபு காலத்தோடு மாறாமல் இறுகிப்போனது என்று வாதிட்டார். வலுவான வாதம். ஆனால் அல்ஜியர்ஸ் நகரத்தில் மக்கா, மதீனாவுக்கென்று இருந்த ஹரமைன் வக்ஃபின் ஆவணங்களைப் படித்த மிரியம் ஹோக்ஸ்டர், சட்டத்துக்குள்ளேயே வளைந்துகொடுக்க வழி இருந்ததை 1998-லேயே காட்டியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படி. கேள்வித்தாளால் இப்படியொரு விவாதத்தைத் தீர்க்க முடியாது.

அதனால் ஒரே ஒரு வக்ஃபை எடு. அதன் பத்திரத்திலிருந்து இன்றைய கணக்குவரை போ. உனக்குப் பக்கத்திலேயே பினாங்கு இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன நம்மவர்களின் பள்ளிவாசலான கப்பித்தான் கிளிங், 1801-இல் கிழக்கிந்தியக் கும்பினி கொடுத்த நிலத்தில் எழுந்தது. 1905-இல் ஆங்கிலேயர் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென்று சட்டம் கொண்டுவந்து வாரியம் வைத்தார்கள். அதற்கு முன் நிர்வாகம் யார் கையில் இருந்தது, நிலம் எவ்வளவு மிஞ்சியது, வாடகை எங்கே போனது? தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் படிக்கத் தெரிந்த நீ செய்ய வேண்டிய வேலை அது.

சரி, உன் பேராசிரியரிடம் இதைச் சொல்லிப் பார். அவர் என்ன சொன்னார் என்று வெள்ளிக்கிழமை பேசும்போது சொல்.

துஆவுடன்,
வாப்பா